ரோசரி அக்காவின் பத்து எண்

ரோசரி அக்காவைப் "பொறுமையின் சிகரம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன ஆண்டு ஆசிரியர் தினத்தில் பெற்றோர் சங்கத் தலைவர் மேடையில் அப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு பொன்னாடையும் போர்த்தினார். அக்கா இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சிகரமாம் லா! காலையில வேன் டிரைவர நான் கிழிச்ச கிழி இவரு காதுல விழுந்திருக்கணும்" என்றார். பிள்ளைகளை இறக்கும்போது அவசரப்படுத்தினான் என்று அந்த ஆளை வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளர். அந்த வகுப்பின் ஆசிரியை நான், சாந்தினி. நான் நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள். அவர் பள்ளிப் படிப்பில் மூன்றாம் படிவத்தோடு நின்றவர். கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்துவிட்டு, கணவர் போன பிறகு இந்த வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். "இங்கயாச்சும் உக்காரலாம்னு வந்தேன் டீச்சர்" என்பார். ஏழு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் தரையில்தான், யாராவது ஒரு பிள்ளை சுவரில் தலையை மோதிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் என் பட்டத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொள்வேன்.

ஷாமினி ஜனவரியில் எங்களிடம் வந்தாள். எட்டு வயது. பேச்சு என்று பார்த்தால் நாலைந்து சொற்கள். அப்பா தர்மேந்திரன் சிமெண்டு லோரி ஓட்டுகிறார். அம்மா புனிதா ஒரு பேரங்காடியில் காசாளர். இரண்டு பாலர் பள்ளிகள் ஏற்கெனவே ஷாமினியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. எங்கள் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்ததும் கூட்டம் போட்டு, பிள்ளை இங்கேயே தொடரலாமா, வேறு வழி பார்க்க வேண்டுமா என்று முடிவெடுப்போம். வேறு வழி என்று தாளில் எழுதுவோமே தவிர, பெரும்பாலும் அதற்கு வீடு என்றுதான் பொருள். வீடென்றால் புனிதா வேலையை விட வேண்டும், ஷாமினி நாலு சுவருக்குள் வளர வேண்டும். முதல் நாளே புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இத விட்டா வேற எடமே இல்ல டீச்சர்" என்றாள்.

ஷாமினியின் தலையை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அலறுவாள், கையில் கிடைத்ததை எறிவாள், தன் கையையே கடித்துக்கொள்வாள். பிள்ளை தூங்கும்போது புனிதா கத்தரிக்கோலால் முடியை அங்கங்கே வெட்டிவிடுவாளாம். சீப்பு பட்டு மாதக்கணக்கானதால் பின்னந்தலை முழுக்கச் சிக்கு. சிக்குக்குள் பேன், பேன் கடித்துப் புண். மற்றப் பிள்ளைகளுக்கும் பேன் ஒட்டும் என்று புகார் வரத் தொடங்கியது.

மூன்றாவது வாரத்தில் அக்கா ஒரு வேலை செய்தார். ஷாமினிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு சீப்பை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஷாமினி சீப்பை எடுத்து அக்காவின் முடியில் ஓர் இழு இழுத்தாள். "அம்மாடி! வேரோட பிடுங்குறா டீச்சர்!" என்று அக்கா கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். அன்றிலிருந்து தினம் காலையில் பத்து நிமிடம் அக்காவின் தலை ஷாமினியின் கையில்தான்.

அதற்கப்புறம் எண்ணிக்கை வந்தது. "தங்கம், மூணு எண்ணுவேன். மூணு வரைக்கும் என் கை உன் தலையில இருக்கும். மூணு சொன்னதும் எடுத்துடுவேன்." அக்கா சொன்னபடியே மூன்றில் எடுத்துவிடுவார். அடுத்த வாரம் நாலு, அப்புறம் ஐந்து. ஒரு நாள் ஐந்தில் பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ஆசைப்பட்டு நான்தான் வாயைத் திறந்தேன். "நல்லாதானே இருக்கா, இன்னும் ரெண்டு வாரு வாரிடுங்களேன்க்கா."

அக்கா கையை எடுத்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சுன்னு சொல்லிட்டேன்லா. அஞ்சுன்னா அஞ்சுதான். ஆறு வேணும்னா நாளைக்கு ஆறுன்னு சொல்லிட்டு செய்யணும். இன்னிக்கு ஏமாத்திட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எண்ணுவேன்?"

அக்கா பிள்ளைகளிடம் கோபப்படாததன் சூட்சுமம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம், சொன்ன சொல்லைத் தாண்டக்கூடாது என்பது. மார்ச் முடிவதற்குள் பத்துக்கு வந்துவிட்டார்கள். அக்கா எட்டும் ஒன்பதும் எண்ணும்போது ஷாமினியே முந்திக்கொண்டு "பத்து!" என்று கத்தி அக்காவின் கையைத் தள்ளிவிடுவாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஓர் அதிகாரம் தெரியும். சிக்கு போயிற்று, புண் ஆறியது. நகம் வெட்டவும், கேண்டீனில் வரிசையில் நிற்கவும், காதில் மருந்து விடவும் அதே பத்துதான். புனிதா ஒரு நாள் சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று அழுதாள். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் அறிக்கையில் "தொடரலாம்" என்று எழுதியே வைத்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் நான் அறிவேன். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட நேரம். நான் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தேன். ஷாமினியை அழைத்துப்போக வந்த புனிதா வாசலிலேயே தயங்கி நின்றிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழம பீடோர்ல எங்க கோயில் திருவிழாக்கா."

பீடோருக்கு உள்ளே தர்மேந்திரனின் குடும்பம் இருந்த தோட்டம். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஷாமினிக்கு இரண்டு வயதில் வலிப்பு வந்தபோது, பிள்ளை பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்று தர்மேந்திரன் அங்கே வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆறு வருடம் தள்ளிப்போய்விட்டது. பிள்ளைக்குப் பேச்சு வராததற்கு நேர்த்திக்கடனைச் செலுத்தாததுதான் காரணம் என்று தர்மேந்திரனின் அக்கா கலாதேவி இந்த வருடம் ஒற்றைக் காலில் நின்றாராம்.

"மொட்ட போடணும்ங்கிறாங்கக்கா," என்றாள் புனிதா. "நீங்க என்ன சொல்றீங்க?"

ரோசரி அக்கா ஏன் அப்போது வாயை மூடிக்கொண்டார் என்பது புரிய வேண்டுமானால் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரியஜோசப், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் எடுக்க மரம் வெட்டியவர். இருபத்து நாலு வீடு ஒட்டி நின்ற லயத்தில் வேதக்காரர் வீடு, அதாவது கிறிஸ்தவர் வீடு, இரண்டுதான். பக்கத்து வீட்டுப் பையன் காய்ச்சலில் கிடந்தபோது அவனைத் தீச்சட்டி தூக்க வைக்கப் போனார்கள். "இந்த வருசம் வேணாமே" என்று இவர் ஒரு வார்த்தை சொன்னார். அவர்களும் நிறுத்திவிட்டார்கள். நாலாம் மாதம் அந்த வீட்டுக்காரர், மேலே மரம் விழுந்து, செத்துப்போனார். வேதக்காரன் பேச்சைக் கேட்டு ஆத்தாளைப் பகைத்துக்கொண்டோம் என்று லயமே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ரோசரி அக்காவோடு விளையாட ஒரு பிள்ளை வரவில்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மரியஜோசப் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தார். அடுத்த வீட்டுச் சாமி காரியத்தில் வாயைக் கொடுக்காதே என்பது அந்த வீட்டில் பதினோராவது கட்டளை.

ஆகவே அக்கா, "வேண்டிக்கிட்டா செஞ்சுதானேம்மா ஆகணும்" என்றார்.

புனிதா போகவில்லை. "தாங்குவாளாக்கா?"

அக்காவுக்குத் தெரியும், தாங்கமாட்டாள் என்று. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொல்லிற்று. "பத்து எண்ணிப் பாரும்மா. பத்துக்கு அடங்கி உக்காருவா."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தார்கள். தர்மேந்திரன் மடியில் பிள்ளை. இரண்டு மாமன்மார் காலைப் பிடித்துக்கொள்ள, கலாதேவி முகத்தைப் பிடித்துக்கொண்டார். புனிதா எதிரே குந்தி, உரக்க எண்ணினாள். ஷாமினி உடம்பெல்லாம் நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, உண்மையாகவே அசையாமல் இருந்தாளாம். பத்து வந்தது. "பத்து!" என்று அவளும் சொன்னாள். கத்தி இன்னும் தலையில் கால் பாகத்தைத் தாண்டவில்லை. அவள் மறுபடி "பத்து" என்று சொல்லித் தலையை இழுத்தாள். "ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்" என்றார் முடி இறக்குபவர். பாதியில் நிறுத்தினால் தெய்வக் குத்தம் என்றார் கலாதேவி. என்ன செய்வதென்று தெரியாமல் புனிதா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அப்படி ஐந்து தடவை எண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை "பத்து, பத்து" என்று கெஞ்சியிருக்கிறது. கடைசித் தடவை சத்தமே வரவில்லையாம், வாய் மட்டும் அசைந்ததாம்.

திங்கட்கிழமை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தாள். எனக்கு விவரம் ஒன்றும் தெரியாததால், "அடடே, மொட்டையப்பா!" என்று நானே சிரித்து வைத்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா முகம் மாறி அவள் முன்னால் மண்டியிட்டார். தலைப்பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. காலணியைக் கழற்ற மட்டும் கையை நீட்டி, வழக்கம்போல "ஒண்ணு" என்றார்.

அவ்வளவுதான். ஷாமினி அக்காவின் முன்கையைக் கடித்தாள். கடித்துவிட்டு விடவில்லை. நான் ஓடிப்போய் விலக்குவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. விலகியவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வீசினாள். அது சுவரோரம் படம் பார்த்துக்கொண்டிருந்த கால்வின் என்ற பையனின் நெற்றியில் பட்டு மூன்று தையல்.

அந்த வாரம் முழுக்க ஷாமினி மேசைக்கு அடியில்தான் கிடந்தாள். யார் வாயிலிருந்து எண் வந்தாலும் அலறல்தான். வகுப்பில் எண் பாட்டை நிறுத்தினேன், சுவரிலிருந்த எண் அட்டைகளைக் கழற்றினேன். அக்கா அறைக்குள் வந்தாலே மேசைக்கால் ஆட்டம் கண்டது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே ஏறிய மரமே சாய்ந்துவிட்டது. கால்வினின் அம்மா மெலிண்டா தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார், ஒன்று அந்தப் பிள்ளை இல்லையென்றால் என் பிள்ளை என்று. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் அடுத்த வியாழன் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் மாலை நான் சம்பவப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "காரணம்" என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன். கையில் கட்டோடு அக்கா வந்து அதைப் படித்தார்.

"காரணம் தெரியும் டீச்சர்," என்றார். வாசலில் புனிதா கேட்டதும், தான் சொன்னதும், கோயிலில் நடந்ததும் ஒன்று விடாமல் சொன்னார். கோயில் கதையைப் புனிதாவிடமிருந்து போனில் கேட்டிருக்கிறார், அவள் அழுதழுது சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு இத ஜிபிகிட்ட சொல்லிடறேன்."

ஜிபி என்பது எங்கள் தலைமையாசிரியர் ஜெயபாலன். நான் பேனாவை மூடினேன். "வேணாம்க்கா. உங்க வேல வருசா வருசம் ஒப்பந்தம். சும்மா இருக்கிற சங்க எதுக்கு நீங்களே ஊதணும்? மொட்ட அடிச்சதால பயந்துருக்கான்னு பொதுவா எழுதிடறேன்."

"அப்படி எழுதினா பிள்ளைக்குக் கோளாறுன்னு ஆயிடும். வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்கள அனுப்பிட்டா மத்த ஆறு பிள்ளைங்கள யாருக்கா பாக்குறது?"

நான் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனாலும் அதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அக்கா இல்லாமல் அந்த வகுப்பில் ஒரு நாள் நிற்க எனக்குப் பயம்.

வியாழக்கிழமை ஜெயபாலன் சார் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். அவர் கெட்ட மனிதரில்லை. மெலிண்டாவின் கடிதத்தை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நா மத்த பிள்ளைங்களையும் பாக்கணும் இல்லையா? மூணு மாசம் முயற்சி பண்ணிட்டோம். முன்னவிட மோசமாத்தான் இருக்கு" என்றார்.

தர்மேந்திரன் உடனே எழுந்துவிட்டார். அவமானத்தில் காதெல்லாம் சிவந்திருந்தது. "சரி சார், வீட்டுலயே வச்சுக்கிறோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

புனிதா தலை நிமிரவில்லை. மடியில் அவளுடைய வேலைச் சட்டையின் பெயர் வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம் சார்," என்றார் ரோசரி அக்கா. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"பிள்ள மோசமாகல சார். பத்து சொன்னா விட்டுடுவோம்னு மூணு மாசமா நாந்தான் அதுக்குப் பழக்கினேன். அது நம்புச்சு. அந்த நம்பிக்கையில கத்திக்கும் தலையக் குடுத்துச்சு. பத்தும் வந்துச்சு, ஒருத்தரும் விடல. அப்பறம் நா போயி ஒண்ணுன்னு ஆரம்பிச்சா கடிக்காம என்ன செய்யும்? என்ன மட்டும் கடிச்சுதேன்னு சந்தோசப்படணும். கோயில்ல எண்ணச் சொல்லிக் குடுத்ததும் நாந்தான். தாங்காதுன்னு தெரிஞ்சும் சொன்னேன்."

தர்மேந்திரன் அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப எங்க சாமி காரியம் தப்புங்கிறீங்களா?"

எந்தப் பேச்சுக்குப் பயந்து அக்கா நாற்பது வருடம் வாயைக் கட்டியிருந்தாரோ, அது நேரே முகத்துக்கு வந்துவிட்டது.

"உங்க வேண்டுதல நா ஒண்ணும் சொல்லல தம்பி," என்றார் அக்கா. "நா பிள்ளைக்குக் குடுத்த வாக்கு அது. அத உங்களுக்குத் தூக்கிக் குடுக்க எனக்கு உரிமையில்ல. அந்தத் தப்பு என்னோடது."

தர்மேந்திரன் நின்றபடியே இருந்தார். யாரிடம் என்றில்லாமல், "என் மடியிலதான் சார் இருந்தா" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஜெயபாலன் சார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சோதனைக் காலத்தை ஒரு மாதம் நீட்டலாம், தினம் இரண்டு மணி நேரம் மட்டும், இன்னொரு பிள்ளைக்குக் காயம் பட்டால் மறுபேச்சில்லை என்றார். ரோசரி அக்கா அந்த இரண்டு மணி நேரமும் ஷாமினி பக்கம் போகக்கூடாது, நான்தான் பார்க்க வேண்டும். "ரோசரி, நீங்க சொன்னத நா பதிவு பண்ணித்தான் ஆகணும். அடுத்த வருச ஒப்பந்தத்துக்கு இதையும் பாப்பாங்க." அக்கா தலையை ஆட்டினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே நடைபாதையில் தர்மேந்திரன் முன்னால் போய்விட்டார். அக்கா கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். புனிதா எங்களைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்ல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்கக்கா. நா வேணாம்னா யாரு கேப்பா? ஸ்கூல்ல ரோசரி டீச்சர் வேணாங்கிறாங்கன்னு சொன்னா இவரு கேட்டிருப்பாரு. ஒங்க வாயால ஒரு வேணாம் வாங்கிட்டுப் போகத்தான் அன்னிக்கு கேட்லயே நின்னேன்."

அக்கா அவளையே பார்த்தார். பொய் சொல்வதற்கு அவருக்கு நேரம் இருந்தது. அவர் இடத்தில் நானாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுச்சும்மா," என்றார்.

புனிதா கையிலிருந்த பெயர் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டாள். அது கோணலாக நின்றது. அப்புறம் என் பக்கம் மட்டும் திரும்பி, "நாளைக்கு எத்தன மணிக்குக் கொண்டாந்து விடணும் டீச்சர்?" என்று கேட்டாள்.